ஊட்டுகிற வாயாலேயே தின்னவும் செய்கிறதே, இந்தப் புதைவண்டு என்ன தாய்?

இரவுப்பூச்சி:

நேற்று தூக்கம் வராமல் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தேன், அது இன்னும் மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டு, நிக்ரோஃபோரஸ் என்று பெயர் சொன்னார்கள். செத்துக் கிடக்கும் ஒரு சுண்டெலியை ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, அடியில் மண்ணைத் தோண்டித் தோண்டி அப்படியே பூமிக்குள் இறக்கிவிடுகின்றன. மயிரையெல்லாம் பிடுங்கி எறிந்து, எலியை ஒரு உருண்டையாகச் சுருட்டிவிடுகின்றன. முட்டை பக்கத்து மண்ணில். பொரிந்த புழுக்கள் ஊர்ந்து அந்த உருண்டைக்கு வந்ததும், அம்மா வண்டு கறியைத் தின்று கரைத்து ஒவ்வொன்றின் வாயிலும் கக்கி ஊட்டுகிறது. புழுக்களோ குருவிக்குஞ்சு மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிக் கேட்கின்றன. பூச்சியில் இப்படியெல்லாம் உண்டா என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த காட்சியில் அதே அம்மா ஒரு புழுவைக் கவ்வியது. ஊட்டத்தான் போகிறது என்று நினைத்தேன். தின்றுவிட்டது. தின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பக்கத்துப் புழுவுக்கு ஊட்டப் போய்விட்டது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது என்ன கணக்கு? பசியா, அடையாளம் தெரியாமல் செய்கிறதா, இல்லை வீடியோ எடுத்தவர்கள் தொந்தரவு செய்ததால் இப்படி ஆனதா? அப்பா வண்டு பாதியில் காணாமல் போனது, அதற்கு ஏதாவது காரணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசி:

படிக்கிற காலத்தில் இரண்டு வருடம் இந்த வண்டுகளை மண் போட்ட டப்பாக்களில் வளர்க்கும் வேலை எனக்கு வாய்த்தது (வாடையைப் பற்றிக் கேட்காதீர்கள், அந்தச் சட்டைகளை எரித்துவிட்டேன்). அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நீங்கள் பார்த்தது கேமரா பயமும் இல்லை, கோளாறும் இல்லை, அதன் வழக்கமே அதுதான். பசியும் இல்லை. அது நிற்பதே ஒரு இறைச்சி மலையின்மேல், எப்படிப் பசிக்கும்?

பறவையாக இருந்தால் குஞ்சு கத்தக் கத்தப் பறந்துபோய் இன்னொரு புழுவைக் கொண்டுவரலாம். இந்த வண்டுக்கு அந்த வழி கிடையாது. கிடைத்த எலி 20 கிராம் என்றால் அந்த 20 கிராமுக்குள்தான் மொத்தக் குடும்பமும் வளர்ந்து முடிய வேண்டும், நாளைக்கு இரண்டாவது எலி வராது. ஆனால் முட்டை இடும்போது அதற்கு எத்தனை பொரியும் என்று தெரியாது. மண்ணில் பூஞ்சை பிடிக்கலாம், ஈரம் போதாமல் போகலாம், ஏதாவது தின்னலாம். அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று தேவைக்குமேல் இட்டு வைக்கிறது. குறிப்பாகச் சின்னச் சடலத்தில் இது நன்றாகவே தெரியும், வளர்க்க முடிகிற எண்ணிக்கையைவிட முட்டை அதிகமாக இருக்கும். நல்ல காலமாக எல்லாமே பொரிந்துவிட்டால்தான் சிக்கல். புழுக்கள் வந்து சேர்ந்த முதல் ஒரு நாளுக்குள் பெற்றவர்கள் எண்ணிக்கையைக் குறைத்து, இருக்கிற கறிக்குத் தக்க அளவுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 1987-ல் பார்ட்லெட் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார், அதற்குப் பிறகு பலரும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் விட்டுவைத்தால் கொஞ்சம் ஒல்லியாக வளர்ந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. வண்டுக்கு அது கட்டுப்படியாகாது. புழுவாக இருக்கும்போது என்ன தின்றதோ அதை வைத்துத்தான் அதன் உடம்பளவு முடிவாகும், சிறகு வந்தபின் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. அப்புறம் அந்தப் பிள்ளை வெளியே போய்த் தனக்கென்று ஒரு சடலத்தைத் தேட வேண்டும். செத்த எலியின் வாடை பிடித்து வருவது அது ஒன்று மட்டுமா? ஒரே ராத்திரியில் ஐந்தாறு வண்டுகள் வந்து இறங்கும். ஆண் ஆணோடு, பெண் பெண்ணோடு, கால் ஒடிகிற அளவுக்குச் சண்டை நடக்கும், பெரும்பாலும் பெரிய உடம்புக்காரர்தான் ஜெயிப்பார். ஆக, நாற்பது நோஞ்சான்களை வளர்த்து அனுப்பினால் பேரப்பிள்ளைகள் என்று யாரும் மிஞ்ச மாட்டார்கள். கொழுத்த பிள்ளைகளாக இருபது போனால் சிலருக்காவது ஒரு எலி கிடைக்கும். (நாற்பது, இருபது எல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், இனத்தையும் சடலத்தையும் பொறுத்து மாறும்.)

அடையாளம் தெரியாமல் செய்கிறதா என்று கேட்டீர்கள். உண்மையிலேயே தெரியாது! இன்னொரு ஜோடியின் புழுக்களை எடுத்து இதன் எலிமேல் விட்டால் தன் பிள்ளை போலவே ஊட்டும். நாங்களே எத்தனையோ முறை அப்படி மாற்றி வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: சரியான நேரத்தில் விட வேண்டும். முட்டை இட்டதிலிருந்து பொரிய அறைச் சூட்டில் சுமார் இரண்டரை நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு முன்னால் எந்தப் புழு ஏறி வந்தாலும் அது தன்னுடையதாக இருக்க முடியாது, ஆகவே ஒன்று விடாமல் தின்றுவிடும். நேரம் கடந்துவிட்டால் யார் பிள்ளையாக இருந்தாலும் ஊட்டும். முகம் பார்ப்பதில்லை, கடிகாரம் பார்க்கிறது, அவ்வளவுதான். முல்லர், எக்கர்ட் இருவரும் 1990-ல் இதைக் காட்டினார்கள்.

நான் ஒரு முறை நேரத்தைத் தப்பாகக் குறித்து அரை நாள் முன்னதாகப் புழுக்களை விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை, அம்மா மட்டும் எலியைச் சாவகாசமாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது. அந்த வாரம் முழுக்க என்னோடு வேலை பார்த்தவர்களின் வாய்க்கு நான்தான் அவல்.

ஒற்றைக்கொம்பு:

அப்பாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, பாவம்.

பூச்சி உலகத்தில் அப்பா என்றாலே பெரும்பாலும் விந்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற ஆள்தான். இதில் ஆண் இருந்து புதைக்கிறது, மயிர் பிடுங்குகிறது, எலி அழுகாமல் இருக்க அதன்மேல் பூச்சு பூசுகிறது, புழுவுக்கு ஊட்டவும் செய்கிறது. பெண்தான் அதிகம் ஊட்டும், ஆண் குறைவாக. ஆனால் பெண்ணை எடுத்துவிட்டுப் பாருங்கள், அதே ஆண் வேகத்தைக் கூட்டித் தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்துவிடும். அதாவது முடியாமல் இல்லை, ஆள் இருக்கும்போது எதற்கு என்று இருக்கிறது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் ஆண் எதற்கு நிற்கிறது? முக்கியமாகக் காவலுக்கு. நடுவில் வேறொரு வண்டு மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து ஜெயித்துவிட்டால், இருக்கிற புழுக்களையெல்லாம் கொன்றுவிட்டு அதே எலியில் தன் குடும்பத்தை ஆரம்பிக்கும். இரண்டு பேர் காவல் இருந்தால் அந்த ஆபத்து குறைவு. புழுக்கள் பெரிதாகி, எலியும் கரைந்த பிறகு அதைப் பிடுங்கி யாருக்கும் லாபமில்லை, ஆண் கிளம்பிவிடும். பெண் இன்னும் சில நாள் இருந்து, புழுக்கள் கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்குகிற வரை பார்த்துவிட்டுப் போகும். நீங்கள் வீடியோவில் பார்த்தது இதுதான், ஓடிப்போனது என்று சொல்ல முடியாது.

ஆனால் முழு யோக்கியன் என்றும் சொல்லிவிட மாட்டேன். பெரிய சடலம் கிடைத்தால், பெண் பக்கத்தில் இருக்கும்போதே, ஆண் தலையைக் கீழே வைத்து வாலைத் தூக்கி நின்றுகொண்டு வாசனை விடும். அது இன்னொரு பெண்ணுக்கு அழைப்பு. இரண்டு பெண்கள் முட்டையிட்டால் ஆணுக்குப் பிள்ளைகள் அதிகம், முதல் பெண்ணுக்கு நஷ்டம், ஏனென்றால் எலியில் பங்கு போய்விடும். அதற்கு அந்த அம்மாள் என்ன செய்யும் தெரியுமா? முதுகில் ஏறும், கடிக்கும், கீழே இழுத்துத் தள்ளும், வாசனை விடவே விடாது. ஒருதார மணம் இங்கே அடித்துக் காப்பாற்றப்படுகிறது. பெண்ணைச் சின்னக் கயிற்றால் கட்டி, ஆணிடம் போக முடியாதபடி வைத்தபோது ஆண் அதிக நேரம் அழைப்பு விட்டது என்பதும் பரிசோதனையில் பார்த்த சங்கதிதான்.

இன்னொன்று. புழுக்கள் சின்னதாக இருக்கிற அந்தச் சில நாட்கள் பெண்ணுக்கு முட்டை உருவாகாது. அந்தச் சமயத்தில் அது மீதைல் ஜெரனேட் என்ற ஒரு வாசனையை விடுகிறது, அதை மோந்த ஆண் இணைசேர முயல்வதைக் குறைத்துக்கொள்கிறது. 2016-ல் வெளியான ஆய்வு, நிக்ரோஃபோரஸ் வெஸ்பில்லாய்டஸ் என்ற இனத்தில். இப்போது வேண்டாம், பிள்ளையைப் பார் என்கிற சேதியை இவ்வளவு நாசூக்காக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சந்தேகப்பிராணி:

எனக்கு இந்தப் பேச்சின் போக்கே கொஞ்சம் உறுத்துகிறது. நல்ல தாய், கெட்ட தாய், யோக்கியன் என்று நாம்தான் வேட்டி சேலை கட்டிவிடுகிறோம். அது ஒரு வண்டு. ஊட்டுவதும் தின்பதும் அதற்கு இரண்டு வேறு மனநிலை என்று நினைத்தால்தான் முரண்பாடாகத் தெரியும். மண்வாசி சொன்னதைக் கவனித்தீர்களா, ஒரே உயிர் அரை நாள் இடைவெளியில் கொலைகாரியாகவும் செவிலியாகவும் மாறுகிறது, அதுவும் யார் பிள்ளை என்று தெரியாமலேயே. இதில் அன்பையும் கொடுமையையும் எங்கே போய்த் தேடுவது?

அதைவிட முக்கியமான கேள்வி, இவ்வளவு ஊட்டுவது உண்மையில் தேவைதானா? வெஸ்பில்லாய்டஸ் புழுக்களை அம்மா இல்லாமல் விட்டாலும், எலித்தோலில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கொடுத்தால் ஒரு பகுதி பிழைத்துக்கொள்கிறது, எடை குறைவாக இருக்கும் அவ்வளவுதான். கேம்பிரிட்ஜில் கில்னர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறையிலும் புழு பொரிவதற்குள் பெற்றவர்களை எடுத்துவிட்டார்கள், இன்னொரு கூட்டத்தில் விட்டுவைத்தார்கள். தலைமுறைகள் போகப் போக, அநாதையாக வளர்ந்த பரம்பரையின் புழுக்களுக்கு உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவுக்குத் தாடை பெரிதானது. ஊட்டுவார் இல்லையென்றால் கடிக்கப் பழகிக்கொள்கிறது! அப்படியிருக்க, தாய் இல்லாவிட்டால் பிள்ளை இல்லை என்று உருகுவதெல்லாம் நம்முடைய பிரமைதான்.

மண்வாசி:

பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன் சந்தேகம், ஆனால் ஒரே இடத்தில் மறுப்பேன். நீங்கள் சொன்னது வெஸ்பில்லாய்டஸுக்குச் சரி. வட அமெரிக்காவின் ஆர்பிகோலிஸ் என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பொரித்த புதிதில் அதன் புழுக்களுக்குப் பெற்றவர் ஊட்டாவிட்டால், எலியைத் திறந்து முன்னால் வைத்தாலும் சாகும். ஒரே பேரினம், தோற்றமும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் ஒன்றுக்கு ஊட்டல் உயிர், இன்னொன்றுக்கு வசதி. பிரமை என்று மொத்தமாக ஒதுக்கிவிட முடியாது.

ஊட்டல் மட்டும்தான் வளர்ப்பு என்று எடுத்துக்கொண்டதும் பிசகு. அம்மாவின் உழைப்பில் பாதி, புழு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒரு செத்த எலியை வெயிலில் வைத்துப் பாருங்கள் (வேண்டாம், நான் சொல்வதை நம்புங்கள்), இரண்டு நாளில் என்ன ஆகும்? இவர்கள் புதைத்த எலி ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது. வாயிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் ஒரு திரவத்தைச் சுரந்து உருண்டை முழுக்கத் தடவுகின்றன, நுண்ணுயிரைக் கரைக்கும் லைசோசைம் அதில் உண்டு. குடும்பம் நடத்தும்போது மட்டும் அந்தச் சுரப்பின் வீரியம் பல மடங்கு ஏறுகிறது, அதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. நாங்கள் எலியைத் திறந்தால் வழுவழுவென்று பழுப்பு மெழுகு பூசின மாதிரி இருக்கும். வாடையும் அழுகின வாடையாக இருக்காது, வேறு ஒரு மாதிரி, அதைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடையாது.

மைட்டுக்காரன்:

ஒரு சின்ன விஷயம், யாரும் தொடவில்லை. வண்டின் அடிவயிற்றில் பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது அழுக்கு இல்லை, பொய்சிலோகைரஸ் என்ற மைட், கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டி உயிர். தானாக ஒரு எலியைத் தேடிப் போக அதற்குச் சிறகு கிடையாது, வண்டுமேல் ஏறி வரும். வந்ததும் இறங்கி எலியில் இருக்கும் ஈ முட்டைகளைத் தின்னும். வண்டுக்குப் பெரிய போட்டி ஈதான், வண்டு வருவதற்குள் ஈ முட்டையிட்டிருந்தால் ஈப்புழு எல்லாக் கறியையும் காலி செய்துவிடும். ஆகவே ஈ மொய்க்கிற இடத்தில் மைட் துணை. ஈ இல்லாத இடத்தில் அதே மைட் வண்டுப் பிள்ளையின் பங்கைத் தின்கிற ஒட்டுண்ணி. பிறகு மைட்டின் பிள்ளைகள் கிளம்பும் பெற்றோர்மேல் ஏறி அடுத்த எலிக்குப் பயணம்.

எல்லாரும் எலி எலி என்கிறார்களே, எலியை மட்டும் நம்பியிராத இனமும் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஸ்டுலேட்டஸ் என்ற இனம் காட்டில் பாம்பு முட்டைக் குவியலில் குடும்பம் நடத்துவதைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கானஸ் என்ற பெரிய இனத்துக்கோ எலி போதாது, புறா கௌதாரி அளவுச் சடலம் வேண்டும். அது கிடைக்காமல் போனதையும் அந்த இனம் சுருங்கியதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள், 1989-ல் அமெரிக்காவில் அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் ஏற்றினார்கள், 2020-ல் ஒரு படி இறக்கினார்கள்.

இரவுப்பூச்சி:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மண்வாசி, ஒரே ஒரு கேள்வி பாக்கி. எந்தப் புழுவைத் தின்பது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறது? நோஞ்சானைப் பார்த்தா?

மண்வாசி:

தராசு வைத்து நிறுத்துத் தேர்ந்தெடுக்கிற மாதிரி எனக்குத் தெரிந்ததில்லை. ஆனால் தாமதமாகப் பொரித்தவற்றின் பாடு எப்போதும் திண்டாட்டம். முட்டைகள் ஒரே நேரத்தில் பொரியாது, முதலும் கடைசியும் ஒரு நாளுக்கு மேலே தள்ளிப்போகும். முன்னால் வந்தவை ஏற்கெனவே ஊட்டம் வாங்கிக் கொஞ்சம் பெருத்திருக்கும், அம்மாவின் வாயை முட்டி முட்டிக் கேட்பதிலும் அவைதான் முந்தும், அம்மாவும் பெரியவற்றுக்கே அதிகம் ஊட்டும். கடைசியில் வந்த சின்னவை எட்டிப் பார்ப்பதற்குள் கூட்டம் நிறைந்துவிடும். நான் தினமும் எண்ணுவேன், முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில்தான் எண்ணிக்கை சடாரென்று இறங்கும், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். டப்பாவில் மிச்சம் என்று எதுவும் கிடைக்காது, ஒரு தோல்கூட.

இரவுப்பூச்சி:

சரி, அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் தடவை கவனிக்காத ஒன்று: புழுக்கள் வருவதற்கு முன்னால் அம்மா எலியின் அடியில் புகுந்து மல்லாக்கப் படுத்துக்கொண்டு, கால்களால் அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது. எடை பார்க்கிறதோ என்னவோ. ஆண் கிளம்புகிற காட்சியும் இருக்கிறது, மண்ணைப் பிளந்து வெளியே வந்து ஒரு நிமிடம் உணர்கொம்பை விரித்துக் காற்றைப் பிடித்துவிட்டுப் பறக்கிறது, வயிற்றடியில் மைட் கூட்டம் அப்பிக்கொண்டு போகிறது. மைட்டுக்காரன் சொல்லியிருக்காவிட்டால் அதை நான் அழுக்கு என்றுதான் நினைத்திருப்பேன்.